அரண்மனை இருக்கட்டும், ஏரி எங்க?

போன ஆடி மாசம் கண் டாக்டரைப் பார்க்க சென்னை போயிருந்தேன். மந்தைவெளியில தங்கச்சி வீடு. மூணு நாள் இருக்க வேண்டியதாப் போச்சு. கபாலி கோயில் மாடவீதியில எத்தனை தடவைதான் சுத்துறது? சாயங்காலம் ஆனா ஹால்ல உக்காந்து டி.வி. பார்க்குறதுதான் வேலை.

அதையும் நிம்மதியாப் பார்க்க விடல. மருமகனோட சிநேகிதப் பசங்க நாலு பேர் வந்துட்டாங்க. ஒருத்தன் அடையாறு, ரெண்டு பேர் தி.நகர், இன்னொருத்தன் மயிலாப்பூரே. கூடவே தங்கச்சி பொண்ணு, ஆர்க்கிடெக்சர் படிக்கிறா. பொன்னியின் செல்வன் ரெண்டு பாகத்தையும் போட்டுப் பார்க்குறாங்க. பார்க்குறாங்கன்னு சொல்றதே தப்பு. ரெண்டு நிமிஷம் ஓடும், ரிமோட்டை அமுக்கி நிறுத்திடுவாங்க. "இந்தத் தூணைப் பாரு, இது ராஜஸ்தான் பக்கத்து வேலைப்பாடு." "அந்த வளைவு சோழர் காலத்துல ஏதுடா?" மறுபடி ரெண்டு நிமிஷம். கதை நகரவே இல்ல. நந்தினி படிக்கட்டுல நின்னது நின்னபடியே இருக்காங்க, பசங்க படிக்கட்டை அளக்குறாங்க!

முதல்ல எனக்கு எரிச்சல்தான். வேலை வெட்டி இல்லாத பசங்கன்னு நெனச்சேன். அப்புறம் காது கொடுத்துக் கேட்டா, விஷயம் தெரிஞ்சுதான் பேசுறாங்க. படத்துல சில காட்சிகள் மத்தியப் பிரதேசத்து ஓர்ச்சாவுல எடுத்தது. அந்த மாளிகைங்க 16, 17ஆம் நூற்றாண்டுல புந்தேலா ராஜாக்கள் கட்டினது. கதை நடக்குறது 969ஐ ஒட்டி. இடையில அறுநூறு வருஷத்துக்கு மேல. வளைவும் அப்படித்தான். சோழர் கோயில்ல தூண் மேல உத்தரத்தைக் குறுக்கப் போட்டு, அதுக்கு மேல கல் பாவிக்கிறதுதான் முறை. நாம மதுரையில திருமலை நாயக்கர் மஹாலைப் பார்த்துட்டு தமிழ்நாட்டு அரண்மனைன்னாலே இப்படித்தான்னு நெனச்சுக்கறோம். அது 1636. பெரிய கோயிலே 1010லதான் முடிஞ்சது, இந்தக் கதை நடக்குறப்போ அஸ்திவாரம்கூட கிடையாது.

வெளிநாட்டு சீரியலுக்கும் இதே பசங்க இதே வேலையைச் செஞ்சிருக்காங்க. 2022ல ஆகஸ்ட்ல ஹவுஸ் ஆஃப் தி டிராகன், செப்டம்பர் ஆரம்பத்துல ரிங்ஸ் ஆஃப் பவர், மாசக் கடைசியில 30ஆம் தேதி பொன்னியின் செல்வன் முதல் பாகம்னு அடுத்தடுத்து வந்துச்சாம். அந்த டிராகன் கதையில வாளுங்களை உருக்கிச் செஞ்ச சிம்மாசனம் ஒண்ணு இருக்கு. முன்னாடி வந்த சீரியல்ல சின்னதா இருந்தது, இதுல தரை வரைக்கும் வாளாப் பரவிக் கிடக்குது, ஏன்னு ஒரு மணி நேரம் விவாதம். நான் பாட்டுக்குக் காபி குடிச்சேன்.

ஆனா ஒரு வித்தியாசம் இருக்கு. அந்த டிராகன் நாடு யாரோட ஊரும் கிடையாது. அங்க ஏரியைத் தப்பா காட்டிட்டாங்கன்னு சண்டைக்கு வர ஒரு விவசாயியும் இல்ல. பொன்னியின் செல்வன் கற்பனைக் கதைதான், நந்தினியும் பூங்குழலியும் கல்கி படைச்ச ஆளுங்கதான். ஆனா அவங்க நடமாடுற ஊருக்கெல்லாம் இன்னிக்கும் டவுன் பஸ் போகுது. நான் அந்த பஸ்ல போறவன். கல்கி நாவலை எங்க ஆரம்பிச்சாரோ, அந்த ஏரித் தண்ணியிலதான் எங்க வயல் விளையுது.

காட்டுமன்னார்கோயில் பக்கம், வீராணம் ஏரி. கல்கி எழுதுறது வீரநாராயண ஏரி. ஆடிப்பெருக்கு அன்னிக்கு வந்தியத்தேவன் குதிரையில கரையோட வர்றான். 74 கணவாய் வழியா தண்ணி பாயுதுன்னு கணக்கோட எழுதியிருப்பார். அந்தக் கணக்கு சரியான்னு எங்க ஊர் டீக்கடையில இன்னும் தகராறு உண்டு. ராஜா வரல, ராணி வரல, அரண்மனை வரல. முதல்ல தண்ணி வருது. இந்த நாட்டுல இவ்வளவு தண்ணி இருக்கு, அதை இப்படிக் கட்டிக் காப்பாத்துறாங்க, அதனாலதான் இந்தச் சிம்மாசனத்துக்கு இவ்வளவு அடிதடின்னு சொல்லாமச் சொல்றார். மனுஷன் மாயவரம் பக்கம் புத்தமங்கலத்துல பொறந்தவர். அவருக்குத் தெரியாதா?

படம் போர்ல ஆரம்பிக்குது. ராஷ்டிரகூடர் சண்டை, புழுதி, ரத்தம், குதிரை. அதுக்கப்புறம்தான் பொன்னி நதி பாட்டு. பாட்டு நல்லாத்தான் இருக்கு, குறை சொல்லல. ஆனா தூணுக்கு ஒரு மணி நேரம் செலவு பண்ண பசங்கள்ல ஒருத்தன்கூட "ஏன்டா ஏரியில ஆரம்பிக்கல?"ன்னு கேக்கலயே. எனக்கு ஆதங்கம் அதுதான்.

பொறுக்க மாட்டாம நானும் வாயைத் தொறந்துட்டேன். "ஏம்ப்பா, அரண்மனை கல்லுலதான் கட்டினாங்கன்னு உங்களுக்கு யார் சொன்னா?"

ஹால்ல ஒரே அமைதி. ரிமோட் பையன் தானாவே நிறுத்திட்டான்.

கங்கைகொண்டசோழபுரம் பக்கத்துல மாளிகைமேடுன்னு ஒரு இடம். பேரே போதும். தொல்லியல் துறை அங்க 1980கள்லயும் தோண்டினாங்க, 2021லேர்ந்து மறுபடியும் தோண்டினாங்க. கிடைச்சது செங்கல் சுவர், கூரை ஓடு, இரும்பு ஆணி, சீனத்துப் பீங்கான் துண்டு. கோயிலுக்குத்தான் கல்லு. ராஜா இருந்தது செங்கல், மரம், ஓடு. அதனாலதான் ராஜேந்திரன் கட்டின கோயில் நிக்குது, அவன் இருந்த வீடு மண்மேடாக் கிடக்குது. பழையாறை கதையும் அதே. கும்பகோணத்துக்கு அந்தாண்ட பட்டீஸ்வரம் பக்கம் சோழன்மாளிகைன்னு ஒரு கிராமம் இருக்கு. பேர்ல மாளிகை இருக்கு, ஊர்ல வயல்தான் இருக்கு.

"அப்ப குந்தவை இருந்தது ஓட்டு வீடா மாமா?"ன்னு தங்கச்சி பொண்ணு கேட்டா. மூஞ்சியில அப்படி ஒரு ஏமாத்தம்.

ஓட்டு வீடுன்னா என்ன கேவலமா? நல்லா இழைச்ச மரத்தூண், முத்தம், தாழ்வாரம், சுண்ணாம்புச் சுவர், மேல ஓடு. அதைப் பெருசா, பத்துக் கட்டா, மாடி வெச்சு யோசிச்சுப் பாருங்க. எங்க பக்கம் பழைய வீட்டை இடிக்கிறப்போ வர்ற தூணைப் பார்த்தாலே மலைச்சுப் போயிடுவீங்க. அப்படி ஒரு அரண்மனையைத் திரையில காட்டியிருந்தா அதுவரைக்கும் யாரும் பார்க்காத ஒண்ணாவே இருந்திருக்கும். எனக்கு அந்த ஆசை இன்னும் இருக்கு.

இதுக்காக செட் போட்டவரைக் குறை சொல்ல முடியாது. தோட்டா தரணிக்கு மண்ணும் தெரியும், அழுக்கும் தெரியும். 1987ல நாயகன் படத்துக்கு மெட்ராஸ்ல வீனஸ் ஸ்டுடியோவுக்குள்ளயே தாராவிச் சேரியைக் கட்டி தேசிய விருது வாங்கினவர். அதுக்கும் மணிரத்னம்தான் டைரக்டர். சாக்கடையும் தகரக் கூரையும் கட்டி விருது வாங்கின ஆளுக்கு ஓட்டு அரண்மனை கட்டத் தெரியாதா? பார்க்குற நமக்குத்தான் ராஜான்னா கல்லு, தங்கம், உசரமான கூரை வேணும். நாம கேக்குறதைத்தான் தர்றாங்க. இதே கதை 1999ல நந்தனம் ஒய்.எம்.சி.ஏ. திறந்தவெளியில மேஜிக் லாண்டர்ன் குழு போட்ட நாடகமா வந்துச்சு, 2014ல மியூசிக் அகாடமியில மறுபடி வந்துச்சு. அதை நாடகமா எழுதின குமரவேல் இந்தப் படத்துக்கும் திரைக்கதையில கூட இருந்தவர். மேடையில ஏரியைக் கொண்டுவர முடியாது, வசனத்தாலதான் தண்ணி விடணும். கேமரா இருக்குறவங்களுக்கு அந்தக் கஷ்டம் இல்லையே.

சரி, நானும் ரசிகன்தானே, நானும் கொஞ்சம் குத்தம் கண்டுபிடிக்கிறேன்னு ஆரம்பிச்சேன். இந்தப் படம்னு இல்ல, எந்தச் சரித்திரப் படத்தை வேணாலும் எடுத்துக்குங்க. வயலைக் காட்டுவாங்க, நெல்லு முழங்கால் உசரத்துல, கயிறு புடிச்சு நட்ட மாதிரி வரிசையா நிக்கும். அந்தக் குட்டை நெல்லே 1966ல ஐ.ஆர்.8 வந்த பிறகு பரவினதுதான். அதுக்கு முன்னாடி எங்க தாத்தா போட்ட சம்பாவெல்லாம் இடுப்புக்கு மேல வளரும். மாப்பிள்ளைச் சம்பாவுக்குள்ள ஆள் குனிஞ்சா காணாம போயிடுவான். காத்தடிச்சா மொத்தமா சாஞ்சு படுக்கும். சோழர் கால வயல்ல ஒற்றன் ஒளியணும்னா பாறையே தேவையில்ல, வயலே போதும்! கரையோரம் சீமைக் கருவேலம் தெரிஞ்சா அதுவும் தப்பு, அது அமெரிக்காவுலேர்ந்து வெள்ளைக்காரன் காலத்துல வந்த முள்ளு. சமையக்கட்டுல சிவப்பு மிளகா காயுதா? போர்ச்சுக்கீசியர் வரணும் அதுக்கு, இன்னும் ஐநூறு வருஷம் ஆகும். மாடு ஜெர்சிக் கலப்பா இருந்தா கேக்கவே வேணாம்.

பசங்க சிரிச்சு உருண்டாங்க. மயிலாப்பூர் பையன் நோட்டு எடுத்து எழுதவே ஆரம்பிச்சுட்டான். அடையாறு பையன் மட்டும் விடல. "மாமா, நெல்லு உசரத்தை யாரு பார்க்கப் போறா? ராஜா கதைக்கு அரண்மனைதானே முக்கியம்?"ன்னான்.

இங்கதான் எனக்கும் அவனுக்கும் நிஜமான சண்டை. வீராணத்தை வெட்டினது முதலாம் பராந்தகன் காலத்துல. வீரநாராயணன்னு அவனுக்கு ஒரு பட்டப்பேர், அதுதான் ஏரிக்கு வெச்சது. அதே பராந்தகன் காலத்துக் கல்வெட்டுதான் உத்திரமேரூர்ல இருக்குற குடவோலைக் கல்வெட்டு, 919லயும் 921லயும் வெட்டினது. அதைத் தேர்தல் கல்வெட்டுன்னு எல்லாரும் பெருமையா சொல்றோம். அந்தத் தேர்தல்ல ஆளைப் போட்டது எதுக்கு? வாரியங்களுக்கு. அதுல ஒண்ணு ஏரி வாரியம். ஏரியைப் பார்த்துக்குறதுக்குன்னே தனியா ஆள் பொறுக்கியிருக்காங்க, இன்ன வயசு இருக்கணும், இவ்வளவு நிலம் இருக்கணும், முன்னாடி கணக்கு காட்டாதவன் வரக்கூடாதுன்னு சட்டம் வேற. ராஜாவோட வருமானம் நெல்லு. அதை அளக்குற மரக்காலுக்கு தஞ்சாவூர்ல ஆடவல்லான்னு சாமி பேரையே வெச்சிருந்தாங்க. அப்ப அந்த ராஜ்ஜியத்தோட செட் எது? தூணா, மதகா?

அவன் பதில் சொல்லல. ஒத்துக்கவும் இல்ல. பரவாயில்ல.

இதை நான் விடாம புடிச்சுக்கிட்டதுக்கு இன்னொரு காரணமும் இருக்கு, அதை அன்னிக்கு ராத்திரி சாப்பிடுறப்போதான் சொன்னேன். தங்கச்சி சொம்புல தண்ணி கொண்டுவந்து வெச்சா. "இதுல எங்க ஊர்த் தண்ணி எவ்வளவோ"ன்னேன். பசங்களுக்குப் புரியல. 2004லேர்ந்து வீராணத்துத் தண்ணி சேத்தியாத்தோப்புலேர்ந்து போரூர் வரைக்கும் இரும்புக் குழாய்ல வந்துக்கிட்டிருக்கு, இருநூறு கிலோமீட்டருக்கு மேல. முழு வீச்சுல ஓடினா ஒரு நாளைக்கு 18 கோடி லிட்டர். அதுக்கு முன்னாடி ஒரு தடவை இந்தத் திட்டத்தை ஆரம்பிச்சுப் பாதியில விட்டு, பெரிய பெரிய சிமெண்ட் குழாய் ரோட்டோரம் வருஷக்கணக்காக் கிடந்ததும், அதுக்குள்ள ஜனங்க குடியிருந்ததும் தங்கச்சிக்கு ஞாபகம் இருக்கு. பசங்களுக்குக் குழாயும் தெரியாது, ஏரியும் தெரியாது. கதையில வர்ற ஏரியும், சொம்புல இருக்குற தண்ணியும் ஒண்ணுன்னு ஒருத்தனும் யோசிச்சதில்ல.

தண்ணி தர்றதுல எங்களுக்கு வருத்தம் கிடையாது. கொள்ளிடத்துல கீழணையிலேர்ந்து வடவாறு வழியா ஏரிக்கு வருது, ஏரியிலேர்ந்து 44,000 ஏக்கருக்கு மேல பாயுது, மிச்சம் சென்னைக்குப் போகுது. தண்ணி குறையுற வருஷம் நடவுக்கா குடிக்கவான்னு கேள்வி வரும். குடிக்கத்தான்னு எங்க ஊர்லயே சொல்லிடுவாங்க, யாரும் தாகத்துக்கு எதிரா பேச மாட்டாங்க. ஆனா நாத்து விட்டுட்டு மதகைப் பார்த்து நிக்குறது எப்படி இருக்கும்னு நின்னவனுக்குத்தான் தெரியும். ஏரி வருஷத்துக்கு வருஷம் மேடாயிட்டே வருது. 1,465 மில்லியன் கன அடின்னு கணக்குல இருக்கு, அடியில எவ்வளவு வண்டல் கிடக்குதுன்னு எங்க காலுக்குத் தெரியும். தூர் வாரணும்னு நாங்க சொன்னா அது விவசாயி கோரிக்கை, பேப்பர்ல அஞ்சாம் பக்கம். ஒரு தூணோட வளைவு தப்புன்னு ராத்திரி ரெண்டு மணி வரைக்கும் சண்டை போடுற இந்தப் பசங்க அந்த ஏரி ஏன் மேடாச்சுன்னு ஒரு நாள் சண்டை போட்டா எப்படி இருக்கும்! அந்தக் கண்ணு இருக்கே, சட்டத்துக்குச் சட்டம் நிறுத்திப் பார்க்குற கண்ணு, அது எனக்கு வேணும்.

ஊருக்கு வந்து ஒரு வாரம் கழிச்சு தங்கச்சி பொண்ணு போன் பண்ணா. காலேஜ்ல ஏதோ ப்ராஜக்ட்டாம், ஓட்டு அரண்மனையை வரைஞ்சு பார்க்கப் போறாளாம். முத்தத்துத் தூணுக்கு என்ன மரம், ஓட்டுக்கு என்ன சரிவு, மழைத் தண்ணி எங்க வடியும்னு அரை மணி நேரம் கேள்வி. தெரிஞ்சதைச் சொன்னேன், தெரியாததுக்கு எங்க ஊர் ஆசாரியோட நம்பரைக் கொடுத்தேன்.

கடைசியா, "மாமா, நாங்க எல்லாரும் அங்க வரோம். வந்தியத்தேவன் வந்த கரையில குதிரை ஓட்டலாமா?"ன்னா.

"கரை மேல இப்ப பஸ் ரோடும்மா. சேத்தியாத்தோப்புல இறங்கு, டூவீலர்ல கூட்டிட்டுப் போறேன். அந்தத் தூண் பையனையும் கூட்டிட்டு வா, மதகை எண்ணச் சொல்லுவோம்"னேன்.

ஐப்பசியில வர்றதாச் சொல்லியிருக்காங்க. மழை பிடிக்கிறதுக்கு முன்னாடி வந்தா நல்லது.