பத்து நிமிஷம் போதும்

"இன்னைக்கும் என்னைப் பத்தி ஆண்டவர்கிட்ட கம்ப்ளெயின்ட் பண்ணப் போறீங்களாப்பா?"

ஒரு நாள் ராத்திரி ஒன்பதேகாலுக்கு நான் வேதப்புத்தகத்தைக் கையில் எடுத்தபோது என் மகள் கேட்ட கேள்வி. பத்தாம் வகுப்பு படிக்கிறாள். கோபமாகக்கூடக் கேட்கவில்லை, சலிப்பாகக் கேட்டாள். என் மனைவி பட்டென்று "ஏய், வாயை மூடு" என்றாள். ஆனால் அவள் முகத்தைப் பார்த்தால் மகள் கட்சி என்று தெரிந்தது.

யோசித்துப் பார்த்தேன். முந்தின நாள் ஜெபத்தில் நான் என்ன சொன்னேன்? "ஆண்டவரே, இந்தப் பிள்ளை கணக்கில் வாங்கின மார்க் உமக்குத் தெரியும். போனை வைத்துக்கொண்டு வீணாக்கும் நேரமும் உமக்குத் தெரியும்." இது ஜெபமா? நேராகச் சொன்னால் அவள் பதில் பேசுவாள். கண்ணை மூடிக்கொண்டு ஆண்டவரிடம் சொன்னால் பேச முடியாது. ஆமென் சொல்வதைத் தவிர வேறு வழியில்லை. பதினைந்து வயதுப் பிள்ளை அதைக் கண்டுபிடித்துவிட்டது.

நம்மில் பல லுத்தரன் வீடுகளில் குடும்ப ஜெபம் நின்று போனதற்கு டிவியையும் மொபைலையும் காரணம் சொல்கிறோம். எனக்கென்னவோ பாதிக்கு மேல் குற்றம் நம்மைப் போன்ற அப்பாக்கள் மேல்தான் என்று தோன்றுகிறது.

நான் வளர்ந்தது தரங்கம்பாடிப் பக்கம். சாயங்காலம் விளக்கு வைத்ததும் அப்பா திண்ணையில் உட்கார்ந்து ஒரு ஞானப்பாட்டை எடுத்துக் கொடுப்பார். அப்பாயி சேர்ந்துகொள்வார். ஒரு சங்கீதம், விசுவாசப்பிரமாணம், பரமண்டல ஜெபம். முடிந்தது. அடுப்பில் உலை கொதித்து வழிவதற்குள் முடிந்துவிடும். மீதியெல்லாம் கோயிலில், பள்ளிக்கூடத்தில், ஓய்வுநாள் பள்ளியில் கிடைத்தது. தெரு முழுக்கத் தமிழ்.

வங்கி வேலைக்கு வந்து ஒவ்வொரு டிரான்ஸ்பருக்கும் வடக்கே நகர நகர, இந்த மீதியெல்லாம் ஒவ்வொன்றாகக் கழன்று போனது. தமிழ் ஆராதனை இல்லை. ஓய்வுநாள் பள்ளி இல்லை. பிள்ளைகளுக்குத் தமிழ் எழுத்து தடுமாறுகிறது. இத்தனைக்கும் ஈடுகட்ட நான் என்ன செய்தேன் தெரியுமா? எல்லாவற்றையும் ராத்திரி ஜெபத்துக்குள் திணித்தேன். தமிழ் வாசிப்புப் பயிற்சி, வேதப்பாடம், பிரசங்கம், ஒழுக்கம், அன்றைய விசாரணை எல்லாம் சேர்ந்து நாற்பது நிமிஷம். "வாக்குத்தத்தம்" என்ற வார்த்தையில் சின்னவன் தடுக்கினால் திரும்ப வாசிக்கச் சொல்வேன். எங்கள் கிளைக்கு இன்ஸ்பெக்ஷன் வந்தால்கூட இவ்வளவு குடைய மாட்டார்கள்.

மகள் கேட்ட அன்று ஜெபம் நடக்கவில்லை. அப்புறம் மூன்று வாரம் நடக்கவில்லை. யாரும் கேட்கவும் இல்லை. அதுதான் என்னைச் சுட்டது.

அந்த நாட்களில் ஒரு ஞாயிற்றுக்கிழமை, ஊரிலிருந்து கொண்டுவந்த பழைய ஞானோபதேசத்தைத் தேடி எடுத்தேன். திடப்படுத்தலுக்கு மனப்பாடம் செய்ததோடு சரி, முப்பது வருஷமாக அதைத் திறந்ததில்லை. லுத்தர் சிறிய ஞானோபதேசத்தை 1529இல் எழுதினார். அதற்கு முந்தைய வருஷம் சாக்சனி கிராமச் சபைகளைப் பார்வையிடப் போனவர், ஜனங்களுக்கு மட்டுமல்ல, பல போதகர்களுக்கே அடிப்படை ஒன்றும் தெரியவில்லை என்று நொந்து போய்த் திரும்பினார். அதன் விளைவுதான் இந்தச் சின்னப் புத்தகம். இதன் பகுதிகள் முதலில் சுவரில் மாட்டும் தாள்களாகத்தான் அச்சாகி வந்தன. வீட்டுத் தலைவன் தன் வீட்டாருக்கு எளிமையாகச் சொல்லித்தர வேண்டியது என்றே ஒவ்வொரு பகுதிக்கும் தலைப்புப் போட்டிருக்கிறார். தரங்கம்பாடியில் 1706இல் வந்து இறங்கிய சீகன்பால்க் ஆரம்பத்திலேயே தமிழில் கொண்டுவந்தவற்றில் இதுவும் ஒன்று.

அதில் காலை ஜெபமும் மாலை ஜெபமும் எப்படி என்று பாருங்கள். எழுந்ததும் பிதா குமாரன் பரிசுத்த ஆவியின் நாமத்தைச் சொல்லிச் சிலுவை அடையாளம் இட வேண்டும். முழங்கால் போட்டோ நின்றுகொண்டோ விசுவாசப்பிரமாணமும் பரமண்டல ஜெபமும் சொல்ல வேண்டும். விரும்பினால் கூடவே ஒரு சிறு ஜெபம். ராத்திரி காத்ததற்கு நன்றி, பகலில் பாவத்துக்கும் தீங்குக்கும் விலக்கிக் காக்கும்படி ஒரு விண்ணப்பம், அவ்வளவுதான். பிறகு ஒரு பாட்டைப் பாடிக்கொண்டு சந்தோஷமாக வேலைக்குப் போ என்கிறார். ராத்திரியும் இதே மாதிரிதான். முடிவில், உடனே நிம்மதியாகத் தூங்கப் போ என்கிறார். சாப்பாட்டுக்கு முன் 145ஆம் சங்கீதத்திலிருந்து இரண்டு வசனம்.

எனக்குச் சிரிப்பு வந்தது. நிறுத்தாமல் பிரசங்கம் செய்யக்கூடிய மனுஷர் அவர். வீட்டு ஜெபத்துக்கு மட்டும் இவ்வளவு சுருக்கமாக எழுதி வைத்திருக்கிறார். ஏனென்றால் அவருக்கும் வீடு இருந்தது, பிள்ளைகள் இருந்தார்கள் :-)

இரண்டாவது பாடம் ராஞ்சியிலேயே கிடைத்தது. எங்கள் கிளையில் ஒரு முண்டா நண்பர். கோஸ்னர் சபையைச் சேர்ந்தவர். பெர்லினிலிருந்து கோஸ்னர் அனுப்பிய நான்கு மிஷனரிகள் 1845இல் ராஞ்சிக்கு வந்து தொடங்கிய சபை அது. 1855இல் கட்டி முடித்த அவர்களுடைய கிறைஸ்ட் சர்ச் இன்றும் ஊரின் நடுவில் நிற்கிறது. முதல் உலகப் போரில் ஜெர்மன் மிஷனரிகள் வெளியேற வேண்டி வந்தபின், நம் தமிழ் சுவிசேஷ லுத்தரன் திருச்சபை தனித்து நின்ற அதே 1919இல்தான் அவர்களும் தனித்து நின்றார்கள். நமக்கு ஒன்றுவிட்ட சகோதரர்கள் என்று சொல்லலாம்.

ஒரு சனிக்கிழமை சாப்பிடக் கூப்பிட்டார். சாப்பாட்டுக்கு முன்னால் ஜெபம். பேரப்பிள்ளை இந்தி வேதாகமத்திலிருந்து எட்டு வசனம் வாசித்தது. நண்பரின் தாயார் முண்டாரியில் ஜெபித்தார். பிறகு எல்லோரும் இந்தியில் பரமண்டல ஜெபம். நாங்கள் மட்டும் தமிழில் சொன்னோம், ஒருவரும் திரும்பிப் பார்க்கவில்லை. மொத்தம் பத்து நிமிஷம்கூட ஆகவில்லை. "தினமும் இவ்வளவுதானா?" என்று கேட்டுவிட்டேன். "சின்னதுங்க தூங்கிறதுக்குள்ள முடிச்சிடணும், அம்மா போட்ட சட்டம்" என்றார்.

வீட்டுக்குத் திரும்பும்போது ஆட்டோவில் என் மகள் சொன்னாள்: "இப்படின்னா நான் வருவேன்ப்பா."

அப்போதுதான் மொழிச் சண்டையை விட்டேன். வெளியூரில் இருக்கும் தமிழ்க் குடும்பங்களுக்கு இது பெரிய விஷயம் என்று தெரிந்தே சொல்கிறேன். ஜெப நேரத்தைத் தமிழ் வகுப்பாக்காதீர்கள். பிள்ளைக்கு எந்த மொழியில் வாசித்தால் அர்த்தம் விளங்குமோ அந்த மொழியில் வாசிக்கட்டும். தமிழ் வேண்டாமா? கட்டாயம் வேண்டும். அதை வாய்ப்பாடமாக வைத்துக்கொள்வோம். விசுவாசப்பிரமாணம், பரமண்டல ஜெபம், நாலைந்து ஞானப்பாட்டு, இரண்டு கீர்த்தனை. எழுத்துக்கூட்டத் தெரியாத பிள்ளைக்கும் காதால் தமிழ் ஏறும். ஊருக்குப் போனால் கோயிலில் அப்பாயி பக்கத்தில் நின்று வாய் திறந்து சொல்ல முடியும். அதற்கு மேல் தமிழ் கற்றுத் தர ஞாயிறு மத்தியானம் இருக்கிறது.

இப்போது எங்கள் வீட்டு முறையைச் சொல்கிறேன். ராத்திரி ஒன்பதே காலுக்கு ஒரு பாட்டு, இரண்டு சரணம் மட்டும். பத்துப் பன்னிரண்டு வசனம், முறை வைத்து ஒருவர், அவரவர் மொழியில். பிறகு ஆளுக்கு ஒரு வாக்கியம். இந்த ஒரு வாக்கிய விஷயத்தையும் லுத்தரிடமிருந்துதான் எடுத்தேன். பேத்தர் பெஸ்கென்டார்ப் என்ற தன் நாவிதருக்கு, எப்படி ஜெபிப்பது என்று 1535இல் அவர் ஒரு சிறு நூல் எழுதிக் கொடுத்தார். ஒரு கற்பனையை எடுத்துக்கொள், அதை நாலு இழையாக முறுக்கு என்கிறார். இதில் எனக்கு என்ன பாடம், எதற்கு நன்றி, எதில் தவறினேன், என்ன வேண்டும். நாங்கள் அன்று வாசித்த பகுதியை வைத்து ஆளுக்கு ஒரு இழை எடுத்துக்கொள்கிறோம். வீட்டில் சரியாக நாலு பேர்.

அதே நூலில் இன்னொன்றும் சொல்கிறார். சவரம் செய்பவர் கத்தியிலும் முடியிலும் கண்ணாக இருக்க வேண்டும், ஊர்க்கதை பேசினால் வாய் மூக்கை அறுத்துவிடுவார், ஜெபத்துக்கும் அதே கவனம் வேண்டும் என்பது கருத்து. கேஷ் கவுன்டரில் உட்கார்ந்தவர்களுக்கு இது சட்டென்று புரியும். நோட்டு எண்ணும்போது பேச்சுக் கொடுத்தால் என்ன ஆகும் என்று நமக்குத் தெரியும். பத்து நிமிஷம் அப்படிக் கவனமாக இருக்க முடியும். நாற்பது நிமிஷம் எனக்கே முடியாது, பிள்ளைகளை என்ன சொல்ல.

ஒரு விதியும் உண்டு. "எதில் தவறினேன்" என்ற இழை வந்தால் அவரவர் தவறை மட்டுமே சொல்லலாம், அடுத்தவர் தவறைச் சொல்லக் கூடாது. முதல் முறை அந்த இழை எனக்கு வந்தபோது, ஜெபத்தில் வைத்து மகளைக் குத்தியதைச் சொன்னேன். அவள் ஒன்றும் பேசவில்லை. ஆமென் மட்டும் கொஞ்சம் சத்தமாகச் சொன்னாள்.

"எழுதி வைத்ததைச் சொல்வது இயந்திர ஜெபம், இருதயத்திலிருந்து வர வேண்டாமா?" என்று வேறு சபைக்குப் போய்விட்ட என் மச்சான் கேட்பார். நியாயமான கேள்விதான். இருதயம் பேசுகிற நாளில் பேசட்டும், யார் தடுத்தார்கள்? பேசாத நாளுக்கு என்ன செய்வது?

போன வருஷம் அப்பா தவறிய செய்தி ராத்திரி பதினொரு மணிக்கு வந்தது. காலை விமானத்துக்குத்தான் டிக்கெட் கிடைத்தது. நாலு பேரும் ஹாலில் உட்கார்ந்திருந்தோம். என்ன ஜெபிப்பது? என் வாயில் ஒரு வார்த்தை வரவில்லை. மகள்தான் பரமண்டல ஜெபத்தை ஆரம்பித்தாள், தமிழில். அப்பா திண்ணையில் சொன்ன அதே வார்த்தைகள். எல்லோரும் சேர்ந்துகொண்டோம். அன்றைக்கு எங்களிடம் இருந்தது அந்த வாய்ப்பாடம் ஒன்றுதான். அது போதுமானதாக இருந்தது.

காலையில் வாட்ஸ்அப்பில் நாலு தியானச் செய்தி வருகிறது, அதுவே போதாதா என்பவர்களுக்கும் ஒன்று சொல்கிறேன். கேளுங்கள், நல்லதுதான். ஆனால் அதை நீங்கள் தனியாக இயர்போனில் கேட்கிறீர்கள். குடும்ப ஜெபத்தில் ஒருவர் குரலை இன்னொருவர் கேட்கிறோம். சின்னவன் எதற்கு நன்றி சொல்கிறான் என்று கேட்டால், அன்று பள்ளிக்கூடத்தில் என்ன நடந்தது என்று தெரிந்துவிடும். விசாரணை இல்லாமலேயே.

விட்டுப்போன வீடுகளில் இன்றைக்கே நாற்பது நிமிஷத்தில் தொடங்காதீர்கள். ஒரு பாட்டு, ஒரு சங்கீதம், பரமண்டல ஜெபம். பிள்ளை ஒரு நாள் வரவில்லையென்றால் விட்டுவிடுங்கள், நீங்கள் இரண்டு பேர் உட்காருங்கள். முடிந்ததும் லுத்தர் சொன்னபடி போய்ப் படுங்கள். கிளையில் கணக்கு டாலி ஆகாமல் டே எண்ட் போட முடியாது. வீட்டில் அப்படியில்லை. டாலி ஆகாததை ஆண்டவர் கையில் கொடுத்துவிட்டுத் தூங்கலாம்.

நேற்று ஒன்பதே காலுக்கு நான் லேப்டாப்பில் இருந்தேன். மகள் வந்து மூடியைத் தட்டினாள். "அப்பா, டைம் ஆச்சு."