கல்யாணப் பணமா, காலுக்குக் கயிறா?

"மில் வேலைக்குப் பெண்கள் தேவை. சாப்பாடு, தங்கும் இடம் இலவசம். மூன்று வருஷம் முடிந்ததும் கல்யாணச் செலவுக்கு மொத்தமாகப் பணம்!" இப்படி ஆசை காட்டித்தான் புரோக்கர் கிராமத்துக்குள் நுழைகிறான். மழை பொய்த்து, காட்டு வேலையும் இல்லாமல், மகளின் கல்யாணத்தை எண்ணிக் கலங்கும் கூலிக்காரன் வீடு எதுவென்று அவனுக்கு நன்றாகத் தெரியும். ஆள் ஒன்றுக்கு இவ்வளவு என்று கமிஷன் வாங்குகிறவன் அவன்.

2000க்குப் பின் வந்த ஆண்டுகளில் கோவை, திருப்பூர், ஈரோடு, திண்டுக்கல் பகுதி நூற்பாலைகளில் இது 'சுமங்கலித் திட்டம்' என்ற பெயரில் பரவியது. தென் மாவட்டத்துப் பெண்கள் பஸ் பஸ்ஸாகக் கொண்டுவரப்பட்டார்கள். 2011ல் நெதர்லாந்து நாட்டு அமைப்புகள் இரண்டு இதை அம்பலப்படுத்தி அறிக்கை வெளியிட்டன. அதற்குப் பிறகு முதலாளிகளுக்கு அந்தப் பெயர் கசந்தது. ஆனால் பெயர் போனால் போதுமா? கண்ணி எந்தப் பெயரிலும் விரிக்கப்படலாம்.

கணக்கைப் பார்ப்போம். மூன்று வருஷத்துக்கு 50,000 ரூபாய் என்கிறார்கள். 36 மாதத்தால் வகுத்தால் மாதம் 1,389 ரூபாய். நாள் ஒன்றுக்கு 46 ரூபாய் சொச்சம்! இது முதலாளியின் சீதனமா? இல்லை. மாதாமாதம் கொடுத்திருக்க வேண்டிய கூலியில் பிடித்து வைத்த பணம். நோய் வந்தோ, மேஸ்திரியின் தொல்லை தாங்காமலோ இரண்டரை வருஷத்தில் வெளியேறினால் அந்தப் பணம் போச்சு. பிடித்த பணம்தான் பெண்ணின் காலில் கட்டிய கயிறு.

அன்று இலங்கைக்கும் வால்பாறைக்கும் தோட்ட வேலைக்கு ஆள் பிடித்த கங்காணியும் முன்பணம் கொடுத்து, தேன் சொட்டப் பேசித்தான் அழைத்துப் போனான். மலை ஏறிய பிறகுதான் கடன் கணக்கு தெரிந்தது. கங்காணி போனான், புரோக்கர் வந்தான்!

மில் தொழிலாளித் தோழர்களே, இது ஊரான் வீட்டுப் பெண்ணின் கஷ்டம் மட்டும் என்று இருந்துவிடாதீர்கள். நிரந்தரத் தொழிலாளி சங்கம் சேருவான், போனஸ் கேட்பான், ஸ்டிரைக் செய்வான். ஹாஸ்டலில் பூட்டப்பட்ட பெண்ணோ சங்கத்தின் வாசலைக்கூடப் பார்க்க முடியாது. 'அப்ரண்டீஸ்' என்று பெயர் சூட்டிவிட்டால் தொழிலாளி என்ற உரிமையும் இல்லை. இன்று பீகாரிலிருந்தும் ஒடிசாவிலிருந்தும் புரோக்கர் கூட்டி வரும் ஏழைகளின் கதியும் ஏறக்குறைய இதுதான். அவர்கள் நமக்குப் போட்டியல்ல. அதே வலையில் விழுந்த நம் வர்க்கத்தார்.

ஆகவே, வேலை என்று எவன் வந்தாலும் வாசலில் நிறுத்திக் கேளுங்கள். மில்லின் பெயர் என்ன, எந்த ஊர்? வேலை உத்தரவு எழுத்தில் உண்டா? கூலி மாதாமாதம் பெண்ணின் சொந்த பாங்குக் கணக்குக்கு வருமா? பி.எஃப்., இ.எஸ்.ஐ. எண் கிடைக்குமா? லீவு நாளில் வெளியே போகலாமா, வீட்டுக்குப் போன் பேசலாமா? நடுவில் நின்றால் உழைத்த கூலி முழுவதும் கைக்கு வருமா? இதற்கு மழுப்புகிறவன், அசல் சர்ட்டிபிகேட்டைக் கேட்கிறவன், வேலைக்கு முன்னால் பணம் கேட்கிறவன் யாராயிருந்தாலும் நம்பாதீர்கள். பெண்ணை அனுப்புமுன் அந்த ஊர்ச் சங்கத்தில் ஒரு வார்த்தை விசாரியுங்கள்.

ஏற்கெனவே சிக்கியவர்களுக்கும் வழி உண்டு. குறைந்தபட்சக் கூலிக்கும் கீழே கொடுத்து வேலை வாங்குவது கட்டாய உழைப்பே என்று 1982ல் ஏஷியாட் தொழிலாளர் வழக்கில் சுப்ரீம் கோர்ட் தீர்ப்பளித்தது. முன்பணத்தைக் காட்டி ஆளை வெளியே போகவிடாமல் தடுத்தால் 1976ம் வருஷத்துக் கொத்தடிமை ஒழிப்புச் சட்டம் இருக்கிறது. கலெக்டரிடம் மனுக் கொடுக்கலாம். ஆனால் தனி மனு பைலில் தூங்கும். சங்கம் பின்னால் நின்றால்தான் சட்டம் கண் விழிக்கும்.

விவசாயத் தொழிலாளர் சங்கம் கிராமத்தில் புரோக்கரை மறிக்கட்டும். பஞ்சாலைச் சங்கம் ஹாஸ்டல் கதவைத் தட்டட்டும். 1946 ஜனவரி 8ல் கோவைச் சிறையில் தூக்குமேடை ஏறிய சின்னியம்பாளையம் தியாகிகள் ராமையன், ரங்கண்ணன், வெங்கடாசலம், சின்னையன் நால்வரும் மில் தொழிலாளிகள். அவர்கள் ரத்தம் கொடுத்து வளர்த்த சங்கம் இந்தப் பெண்களுக்கும் சொந்தம். அதன் கதவை அவர்களுக்குத் திறந்து வைப்பது நம் கடமை!