மடுவின் கொட்டில்களும் யூதரின் கூடாரத் திருவிழாவும்

யூதர்களின் பண்டைத் திருவிழாக்களுக்கும் கிறிஸ்தவர்களுக்கும் இன்று என்ன தொடர்பு என்னும் கேள்வி தமிழ்க் கிறிஸ்தவர்களிடையேயும் அடிபடத் தொடங்கியிருக்கிறது. புதிய சபைகள் சிலவற்றில் எக்காளம் ஊதி, யூத நாட்காட்டி பார்த்து, கூடாரப் பண்டிகை ஆசரிக்கப்படுகிறது. மரபுவழித் திருச்சபைகளைச் சேர்ந்த பலரோ, அவை பழைய ஏற்பாட்டோடு முடிந்துபோன சங்கதிகள் என்று ஒரே சொல்லில் ஒதுக்கிவிடுகின்றனர். இரண்டுமே மேலோட்டமான முடிவுகள் என்பது என் கருத்து. இதை விளக்க எருசலேம்வரை போகவேண்டியதில்லை. மன்னார் மாவட்டத்து மடுக் காடே போதும்.

இஸ்ரயேலர் ஆண்டுதோறும் எருசலேமுக்குத் திருப்பயணம் சென்ற பெருவிழாக்கள் மூன்று. எகிப்தின் அடிமைத்தளையிலிருந்து விடுபட்டதை நினைவுகூரும் பாஸ்கா முதலாவது. அதிலிருந்து ஏழு வாரங்கள் கழித்து வரும் அறுவடை விழா இரண்டாவது. ஆண்டின் விளைச்சலெல்லாம் களஞ்சியம் சேர்ந்தபின், புரட்டாசி ஐப்பசிக் காலத்தில் வரும் கூடாரத் திருவிழா மூன்றாவது.

முதல் இரண்டையும் திருச்சபை தனதாக்கிக்கொண்டது. உயிர்ப்பு ஞாயிறுக்கு முந்திய இரவில் ஆலயத்தில் ஏற்றப்படுவது இன்றும் பாஸ்காத் திரிதான். ஐம்பதாம் நாள் விழா பெந்தகோஸ்தே ஆயிற்று. கேரளத்து மார்த்தோமா மரபுக் கிறிஸ்தவர்களின் வீடுகளில் பெரிய வியாழன் இரவு புளிக்காத அப்பத்தைக் குடும்பத் தலைவர் பகிர்ந்தளிக்கும் வழக்கம் உண்டு. ஆனால் மூன்றாவது விழாவுக்குக் கிறிஸ்தவ நாட்காட்டியில் நேரான இடமொன்று கிடைக்கவில்லை. இத்தனைக்கும் இயேசு அவ்விழாவுக்குச் சென்று கோவிலில் போதித்ததை யோவான் நற்செய்தி விரிவாகவே சொல்கிறது. வாக்கு மனிதரானதைக் கூறுமிடத்தில், அவர் நம்மிடையே கூடாரமடித்துத் தங்கினார் என்னும் பொருள்படும் கிரேக்கச் சொல்லையே அந்நற்செய்தி கையாள்கிறது.

அவ்விழாவின் விதி எளியது. ஏழு நாட்களுக்குக் கல்வீட்டை விட்டு வெளியேறி, இலைதழைகளால் வேய்ந்த குடிலில் இருக்கவேண்டும். காரணத்தையும் லேவியர் நூல் சொல்லிவிடுகிறது: முன்னோர் பாலைநிலத்தில் கூடாரங்களில் வாழ்ந்ததைப் பின்வரும் தலைமுறைகள் அறியவேண்டும். விதைத்து அல்லற்படும் காலத்தில் அல்ல, களஞ்சியம் நிறைந்த காலத்தில் குடிலுக்குப் போகச் சொன்னதிலேதான் அதன் நுட்பம் இருக்கிறது. வயிறு நிறைந்தவனுக்கே மறதி எளிதில் வரும்.

இப்போது மடுவுக்கு வருவோம். ஆவணி மாதாவின் பெருவிழாவுக்கு ஆகஸ்ட் 6ஆம் திகதி கொடியேறுகிறது. 15ஆம் திகதித் திருப்பலிவரை ஆயிரக்கணக்கான குடும்பங்கள் மரநிழலில் கூடாரங்களும் கொட்டில்களும் அமைத்துத் தங்குகின்றன. யாழ்ப்பாணத்தவரும் சிலாபம், நீர்கொழும்புச் சிங்களக் கத்தோலிக்கரும் பக்கத்துப் பக்கத்தே அடுப்பு மூட்டுகின்றனர். இந்துக்களும் நேர்த்தியோடு வருகின்றனர். யூத நாட்காட்டியை ஒருமுறையேனும் புரட்டிப் பாராத நம் மக்கள், கூடாரத் திருவிழாவின் உருவத்தைத் தாமறியாமலே கைக்கொண்டிருக்கிறார்கள்.

உருவம் மட்டுமல்ல, வரலாறும் பொருந்துகிறது. ஒல்லாந்தர் கத்தோலிக்கரை ஒடுக்கிய பதினேழாம் நூற்றாண்டில், மாந்தையிலிருந்த இருபது குடும்பங்கள் மாதாவின் திருச்சொரூபத்தைச் சுமந்துகொண்டு காட்டுக்குள் ஓடியதில் மடுவின் கதை தொடங்குகிறது என்பது வழிவழி மரபு. 1990இன் பின் போரால் துரத்தப்பட்ட ஆயிரக்கணக்கான குடும்பங்களுக்கு அதே காடு புகலிடமாயிற்று. திருவிழாவுக்கு அடித்த கூடாரம் பத்து நாளில் கழற்றப்படும். அகதியின் கூடாரம் ஆண்டுக்கணக்கில் நின்றது. 1999 நவம்பர் 20ஆம் திகதி, ஆலய வளாகத்தில் விழுந்த எறிகணைகள் தஞ்சம் புகுந்திருந்தவர்களில் முப்பதுக்கும் மேற்பட்டோரைப் பலிகொண்டன. 2008 ஏப்ரலில் மாதாவே இடம்பெயர்ந்தார். போர் நெருங்கியதால் திருச்சொரூபம் தேவன்பிட்டிக்குக் கொண்டுசெல்லப்பட்டு, அவ்வாண்டு ஆகஸ்டிலேதான் மடு திரும்பியது. கூடார வாழ்வு என்னவென்று மன்னார்க் கிறிஸ்தவனுக்கு எவரும் வியாக்கியானம் செய்யத் தேவையில்லை.

ஆனால் நினைவுகூர்தல் எதற்காக? இந்த இடத்தில்தான் அப்பண்டைய விழா நம்மை நெருக்குகிறது. அதை யாரோடு கொண்டாடவேண்டும் என்று இணைச்சட்ட நூல் (உபாகமம்) பட்டியல் தருகிறது. மகன், மகள், பணியாளர் என்று தொடங்கும் அது, ஊரில் வாழும் அந்நியர், அநாதை, கைம்பெண் என்று முடிகிறது. நீயும் ஒருகாலத்தில் அந்நிய நாட்டில் அல்லற்பட்டவன், ஆகவே உன் வாசலில் நிற்பவனைத் தள்ளாதே என்பதே அதன் அடிநாதம். சொந்தத் துயரத்தை மட்டும் எண்ணி அழுவதற்கு அவ்விழா இடங்கொடுக்கவில்லை.

இந்த அளவுகோலை நம்மீது வைத்துப் பார்ப்போம். 1990 ஒக்டோபரில் வடக்கின் முஸ்லிம்கள் அனைவரும் விடுதலைப் புலிகளால் வெளியேற்றப்பட்டனர். மன்னார்த் தீவின் முஸ்லிம்கள் படகேறிக் கற்பிட்டிக் கரையில் இறங்கினர். புத்தளத்துக் கிடுகுக் கொட்டில்களில் ஒரு தலைமுறையே பிறந்து வளர்ந்தது. போர் 2009இல் முடிந்தபின் அவர்கள் திரும்பியபோது, காணியும் மீள்குடியேற்றமும் பிணக்குகளாயின. அவற்றின் சட்ட நியாயங்களை ஆராய்வது வேறு. ஆனால் மடுவின் கொட்டில்களைப் பற்றி உருகிப் பேசும் நாம் புத்தளத்தின் கொட்டில்களைப் பற்றி எத்தனை மறையுரைகளில் கேட்டிருக்கிறோம்?

2019 மார்ச்சில் சிவராத்திரிக்கு முதல்நாள் நடந்ததும் மறக்கக்கூடியதல்ல. திருக்கேதீச்சரம் செல்லும் வீதியின் முகப்பில் நின்ற ஆலய வளைவைக் கத்தோலிக்கர் சிலர் பிடுங்கிச் சாய்த்தனர். நடந்த இடம் மாந்தை. மாதாவைச் சுமந்துகொண்டு அகதிகள் புறப்பட்ட அதே மாந்தை. போர்த்துக்கீசர் காலத்தில் இடிக்கப்பட்டு, நீண்ட காலத்தின் பின் மீள எழுந்த கோயிலின் வளைவு அது. வளைவு நின்ற காணி யாருடையது என்ற வாதத்துக்கு முன்பாக, வழிபாட்டுக்காகத் துரத்தப்பட்டவர்களின் பிள்ளைகள் அடுத்தவரின் வழிபாட்டு அடையாளத்தில் கைவைக்கலாமா என்ற கேள்வி இருக்கிறது.

யூத விழாக்களைப் பின்பற்றுமாறு நான் கோருவதாக எவரும் கொள்ளவேண்டாம். விழாக்களையும் ஓய்வுநாட்களையும் காட்டி எவரும் உங்களைக் குறைகூற விடாதீர்கள் என்ற கருத்தைக் கொலோசையருக்கான திருமுகம் தெளிவாகவே சொல்கிறது. எக்காளத்தை இரவல் வாங்குவதால் பக்தி கூடிவிடாது. அதேவேளை, அவ்விழாக்களை இகழ்ந்து பேசிய மரபு எங்கே கொண்டுபோய்விட்டது என்பதையும் அறிவோம். நான்காம் நூற்றாண்டில் அந்தியோக்கியாவில் பொன்வாய் அருளப்பர், யூத விழாக்களுக்குச் சென்ற கிறிஸ்தவர்களைக் கண்டித்து ஆற்றிய கடும் உரைகள், பிற்காலத்தில் யூத வெறுப்புக்கு எரிபொருளாயின. 1965இல் இரண்டாம் வத்திக்கான் சங்கம் அவ்வெறுப்பை வெளிப்படையாகக் கண்டிக்க வேண்டியிருந்தது. இந்த விழாக்களின் மீதுள்ள மதிப்பை இன்றைய இஸ்ரேல் அரசின் செயல்கள் அனைத்துக்குமான ஆதரவாக்குவதும் தவறு. காசாவின் கூடாரங்களில் கிடப்பவர்களும் அந்தப் பட்டியலில் அடங்குபவர்களே.

ஆகவே வேண்டுவது புதிய சடங்கு அன்று. ஆவணித் திருவிழாவின் நவநாட்களில் ஓர் இரவையாவது இடம்பெயர்வின் நினைவுக்கு ஒதுக்கலாம். கொட்டில்களில் பிறந்தவர்களின் கதையைப் போரறியாப் பிள்ளைகளுக்கும், புலம்பெயர் நாடுகளிலிருந்து விடுமுறைக்கு வரும் பேரப்பிள்ளைகளுக்கும் மூத்தோர் சொல்லலாம். எருக்கலம்பிட்டியிலிருந்தும் முசலியிலிருந்தும் முஸ்லிம் பெரியவர்களை அழைத்து அவர்களுடைய கொட்டில்களின் கதையையும் கேட்கலாம். திருக்கேதீச்சர அடியார்களோடு ஒரே பந்தியில் அமரலாம். இவற்றுக்கெல்லாம் மறைமாவட்டத்தின் சுற்றறிக்கைவரை காத்திருக்கவேண்டிய அவசியமில்லை. பங்கு மக்கள் மனம் வைத்தால் வருகிற ஆகஸ்டிலேயே நடக்கும்.