ஊர்க் கழிவும் சேரித் தண்ணியும்

நைட்ரேட்டுக்கு நிறமில்லை, வாடையில்லை, ருசியுமில்லை. அதனால் அதற்குச் சாதியும் இல்லை என்று அதிகாரிகள் பேசுகிறார்கள். நிலத்தடி நீர் எல்லாருக்கும் பொதுதானாம். பொதுவில் எங்களுக்கு என்றைக்குப் பங்கு கிடைத்தது?

சேரி எங்கே இருக்குன்னு பாருங்கள். ஊருக்குக் கீழே, தண்ணி வடிகிற பள்ளத்தில். எங்க சேரியும் அப்படித்தான். ஊர்ச் சாக்கடை எங்க தெருமுனையில் வந்து தேங்குது. மாட்டுக் கொட்டாய்க் கழிவு, செப்டிக் டேங்க் கசிவு, வயலில் கொட்டின யூரியா எல்லாம் மண்ணுக்குள் இறங்கி நைட்ரேட்டாகுது. மண் அதைப் பிடித்து நிறுத்தாது. தண்ணியோடு போய்க்கொண்டே இருக்கும். எங்க அடிபம்பு அந்தப் பள்ளத்தில்தான் நிற்குது. 'உங்க கக்கூஸ் குழியும்தானே காரணம்' என்பார்கள். ரெண்டு சென்ட் மனையில் குழியையும் போரையும் எட்ட எட்டப் போட இடமேது? மனையை அளந்து கொடுத்தது யார்?

லிட்டருக்கு 45 மில்லிகிராமைத் தாண்டக் கூடாது என்பது இந்தியத் தர அளவு. மத்திய நிலத்தடி நீர் வாரியத்தின் 2024 அறிக்கைப்படி, தமிழ்நாட்டில் எடுத்த மாதிரிகளில் நூற்றுக்கு 37 அதைத் தாண்டின. அதில் சேரித் தண்ணி எத்தனை, ஊர்த் தண்ணி எத்தனை? அந்தக் கணக்கை யார் எடுப்பது?

இது முதலில் பிடிக்கிறது ஆறு மாசம் நிரம்பாத பிள்ளையை. ரத்தம் பிராணவாயு சுமக்கிற சக்தியைக் கெடுக்கும். உதடும் நகமும் நீலம் பாயும், முற்றினால் உயிர் போகும். கிணற்றுத் தண்ணியில் பால் கரைத்துக் கொடுத்த குழந்தைகளிடம் இதைக் கண்டு 1945இல் அமெரிக்காவின் அயோவாவில் காம்லி என்ற டாக்டர் எழுதினார். தாய்ப்பால் குடிக்கிற பிள்ளைக்கு ஆபத்து குறைவு. ஆனா விடியுமுன்னே நடவுக்கு ஓடுகிற எங்க பொம்பளைகளுக்குப் பால் கொடுக்க எந்த ஆண்டை நேரம் விட்டான்?

காய்ச்சிக் குடிங்க என்கிறார் நர்சம்மா. காய்ச்சினால் கிருமி சாகும், நைட்ரேட் போகாது. தண்ணி சுண்டச் சுண்ட இன்னும் கூடும். பிளீச்சிங் பவுடருக்கும் அது அசையாது. கேன் தண்ணி வாங்கச் சொல்கிறார்கள். கூலிக்காசு தண்ணிக்கே போய்விட்டால் உலையில் என்ன போடுவது?

1927இல் மகத்தில் அம்பேத்கர் சவதார் குளத்துத் தண்ணியை அள்ளிக் குடித்தார். அப்புறம் சாதி இந்துக்கள் சாணியும் மூத்திரமும் பாலும் தயிரும் ஊற்றித் தீட்டுக் கழித்தார்கள். எங்க கை தீட்டு, மாட்டு மூத்திரம் சுத்தம்! அந்த மூத்திரம்தான் இன்றைக்கு மண்ணுக்கடியில் எங்க குடத்துக்கு வருது.

2022 டிசம்பரில் வேங்கைவயலில் தலித் மக்கள் குடிக்கிற தொட்டியில் மலம் கலந்திருந்தது தெரிய வந்தது. கண்ணுக்குத் தெரிந்ததால் நாடு பேசியது, வழக்கு வந்தது. நியாயம் வந்ததா என்பது வேறு பேச்சு. வருஷக்கணக்காக மண்ணுக்குள் நடக்கிற இந்தக் கலப்புக்கு வழக்குமில்லை, குற்றவாளியுமில்லை.

தோழர்களே, சேரி சேரியாகத் தண்ணியைச் சோதிக்கச் சொல்லுவோம். முடிவைத் தொட்டிமேலேயே தமிழில் எழுதணும். கெட்ட போரை மூடி, குழாயில் நல்ல தண்ணி விடணும். ஊர்ச் சாக்கடையை எங்க பள்ளத்துக்குத் திருப்புவதை நிறுத்தணும். இது சலுகை இல்லை. முடியாது என்கிற அதிகாரி எங்க அடிபம்புத் தண்ணியில் தன் பிள்ளைக்குப் பால் கரைத்துக் கொடுக்கட்டும்.