அவன் பேரில் வரும் பணம்

போன வாரம் மதுராந்தகம் பஸ்ஸில் பக்கத்து சீட்டு அம்மாள், "உங்க பையனுக்கு ரெண்டு பென்ஷனும் சேர்ந்து வருதாமே, எப்படிங்க வாங்கினீங்க?" என்று கேட்டார். சகோதரிகளே, ரெண்டும் வராது. ஒன்றை விட்டால்தான் மற்றொன்று. அப்படி மாற்றப்போய் நான் பட்ட பாட்டை எழுதினால், என்னைப் போன்ற தாய்மார் யாருக்காவது உபயோகப்படுமே என்று தோன்றியது.

என் மூத்த பிள்ளைக்கு மனவளர்ச்சிக் குறைவு. வயது இருபதைத் தாண்டிவிட்டது. பதினெட்டு முடிந்த கையோடு தாலுகா ஆபீசில் எழுதிக் கொடுத்து, வருவாய்த்துறை ஓய்வூதியம் வந்துகொண்டிருந்தது. முதலில் மாதம் 1,000 ரூபாய். 2023 ஜனவரி முதல் 1,500. அந்த வருஷம்தான், மாற்றுத்திறனாளிகள் நலத்துறையில் பராமரிப்பு உதவித்தொகை என்று வேறொன்று இருப்பதும், இவனைப் போன்றவர்களுக்கு அதில் மாதம் 2,000 தருவதும் எனக்குத் தெரிந்தது. ஐந்நூறு ரூபாய் ஒரு பெரிசா என்பீர்கள். வலிப்பு மாத்திரையை வெளியில் வாங்குகிற மாதங்களில் அது பெரிசுதான்.

"சும்மா இருங்கக்கா, ரெண்டையும் வாங்குங்க, யார் பார்க்கப் போறாங்க?" என்றாள் எதிர்வீட்டுக்காரி. ஆதார் எண் இரண்டு பக்கமும் இருக்கிறதே! நாளைக்குத் தெரிந்தால் வாங்கியதையெல்லாம் திருப்பிக் கட்டு என்பார்கள். அந்த வம்பு வேண்டாம் என்று விட்டேன். ஆனால் வேறொரு தப்பு செய்தேன். விவரம் தெரிந்தவர் மாதிரி பேசிய ஒருவர் சொன்னதைக் கேட்டு, புதியதற்கு மனு கொடுக்கும் முன்பே பழையதை நிறுத்தச் சொல்லி எழுதிக் கொடுத்துவிட்டேன். அதுவும் நின்றது, இது வரவில்லை. நாலு மாதம்! கம்மல் அடகுக்குப் போயிற்று.

தாமதத்துக்குக் காரணம் காகிதங்கள். பிள்ளையின் பழைய அடையாளப் புத்தகத்தில் காஞ்சிபுரம் மாவட்டம் என்றிருந்தது. செங்கல்பட்டு தனி மாவட்டமானது 2019 நவம்பரில்தானே. ஆதாரில் இன்ஷியல் ஒன்று, பாங்குப் புத்தகத்தில் இன்னொன்று. இதையெல்லாம் வீட்டில் உட்கார்ந்து முதலிலேயே ஒப்பிட்டுப் பார்த்திருக்கலாம். இப்போது யுடிஐடி என்கிற தேசிய அட்டையும் கேட்கிறார்கள். நீங்கள் மாற்றுவதானால், எதை எந்த மாதத்தில் நிறுத்துவது என்று இரண்டு ஆபீசிலும் நேரில் கேட்டு, சொன்னவர் பதவியோடு ஒரு நோட்டில் எழுதிக்கொள்ளுங்கள். கொடுக்கும் ஒவ்வொரு காகிதத்துக்கும் ஜெராக்ஸ் எடுத்து, ரசீதும் கேட்டு வாங்குங்கள். நான் வாய்வார்த்தையை நம்பித்தான் கெட்டேன்.

இன்னொன்று. பிள்ளைக்குப் பதினெட்டு முடிந்தால், பெற்ற தாயே ஆனாலும் சட்டப்படி நாம் தானாகக் காப்பாளர் ஆகிவிட மாட்டோமாம். பாங்கில் சொன்னபோது எனக்குத் தூக்கிவாரிப்போட்டது. 1999-ஆம் வருஷத்து தேசிய அறக்கட்டளைச் சட்டத்தின்படி, கலெக்டர் தலைமையில் உள்ளூர்க் குழு ஒன்று இருக்கிறது. மனவளர்ச்சிக் குறைவு, ஆட்டிசம், மூளை முடக்குவாதம் உள்ளவர்களுக்கு அங்கே மனு கொடுத்துக் காப்பாளர் நியமனம் பெறலாம். கணவரும் நானுமாய்ப் போய் எழுதிக் கொடுத்தோம். நமக்குப் பின்னால் யார் என்ற கேள்வியை அன்றைக்குத்தான் நாங்கள் வாய்விட்டுப் பேசினோம். பஸ்ஸில் திரும்பி வரும்போது இருவரும் ஒரு வார்த்தை பேசவில்லை.

அலைச்சலில் நான் நினைத்தே பார்க்காதது ஒன்று உண்டு. பழைய பணத்தை, கைரேகை மிஷினோடு ஒரு பெண் வீட்டுக்கே வந்து கொடுப்பாள். விரலை மடக்கிக்கொண்டு விளையாட்டுக் காட்டுவான். "அண்ணா, விரலைக் குடுங்கண்ணா" என்று அவள் கெஞ்சினால்தான் நீட்டுவான். பணம் மாறியபின் அவள் வரவில்லை. அவனோ மாதம் பிறந்தால் சட்டையைப் போட்டுக்கொண்டு வாசற்படியில் உட்கார்ந்துவிடுவான். "ம்மா, மிஷின் அக்கா?" என்று கேட்பான். இதை எந்த மனுவில் எழுதுவது?

இப்போது அவனையே பாங்குக்குக் கூட்டிப் போகிறேன். பணம் எடுக்க ஒரு மணி நேரம் ஆனாலும் பரவாயில்லை, ரேகை அவன்தான் வைக்கிறான். கவுண்டரில் இருக்கும் தம்பிக்கும் பழகிவிட்டது. "வாங்க சார்" என்கிறார். திரும்பும் வழியில் கந்தசாமி கோயில் பக்கம் பத்து ரூபாய்க்கு வேர்க்கடலை. அதை மட்டும் அவன் கையாலேயே கொடுத்து வாங்குவான்.