திறக்கலாமா, வைக்கலாமா?

ஆஸ்திரேலியாவில் குழந்தை பிறந்த வருடத்து ஒயினை வாங்கி, அதன் 21-வது பிறந்தநாளில் திறக்கலாமென்று பத்திரப்படுத்தும் வழக்கம் உண்டு. அங்கே சேகரிப்பவர்கள் ஆசையோடு தேடுவது ‘கிரேஞ்ச்’. 1951-ல் பென்ஃபோல்ட்ஸ் நிறுவனத்தின் மேக்ஸ் ஷூபர்ட் சோதனையாகச் செய்தது. ஆரம்பத்தில் சுவைத்தவர்கள் முகம் சுளித்தார்கள். 1957-ல் ‘நிறுத்து’ என்று மேலிடத்து உத்தரவு. மனிதர் கேட்டால்தானே! அடிலெய்டின் மகில் நிலவறையில் மூன்று வருடம் ரகசியமாகச் செய்து பதுக்கினார். அதற்குள் பழைய பாட்டில்கள் முதிர்ந்து ருசி கூடிவிட, 1960-ல் நிர்வாகமே ‘மறுபடி செய்’ என்றது.

காத்திருந்ததால் வந்த ருசி. ஆனால் எத்தனை வருடம் காப்பது? கார்க் தளர்ந்தால் காற்று புகுந்துவிடும். இதற்காகவே 1991-ல் அந்த நிறுவனம் ‘கிளினிக்’ தொடங்கியது. (ஆமாம், பாட்டிலுக்குத்தான்!) 15 வயது தாண்டியதைக் கொண்டுபோனால் பரிசோதிப்பார்கள். மட்டம் இறங்கியிருந்தால் திறந்து, ருசி பார்த்து, நிரப்பி, புது கார்க் போட்டுச் சான்றளிப்பார்கள். கெட்டிருந்தால் சான்று கிடையாது. மகளுக்கென்று வைத்ததாக இருந்தாலும் சரி.

திறக்கும்போது சொந்தக்காரருக்கும் ஒரு வாய் உண்டு. வருடக்கணக்கில் பூட்டிவைத்ததைச் சிலர் முதன்முதலாக ருசிப்பதே அங்கேதான்.