யவனம் படிக்காமல் யவனச் சான்று பேசுவதா?

கிரேக்கமும் இலத்தீனும் ஐரோப்பியருக்கு உரியவை, தமிழாய்வாளர்க்கு அவற்றால் ஆகப்போவது ஒன்றுமில்லை, வேண்டிய சில வரிகளை ஆங்கில நூல்களிலிருந்து எடுத்துக்கொண்டால் போதும் என்ற எண்ணம் தமிழ்நாட்டில் ஆழ வேரூன்றியிருக்கிறது. சங்க இலக்கியம் யவனர் எனக் குறிக்கும் கிரேக்க, உரோமானியரின் எழுத்துகளைத் தமிழரின் தொன்மைக்குச் சான்றாக மேடைதோறும் முழங்கிக்கொண்டே, அவற்றை மூலத்தில் படிக்கும் புலமையைத் தேவையற்றதெனத் தள்ளுவது முரண்பாடு மட்டுமன்று. தமிழக வரலாற்றாய்வுக்குக் கேடும் ஆகும்.

இதற்குப் பிளினியின் கூற்று பட்ட பாடே போதிய சான்று. கி.பி. 1ஆம் நூற்றாண்டின் இந்த இலத்தீன் ஆசிரியர், தமது 'இயற்கை வரலாறு' நூலின் 6ஆம் பகுதியில், இந்தியா ஆண்டுதோறும் 5 கோடி செஸ்டர்ஸ் என்னும் உரோம நாணயத்தை ஈர்த்துக்கொள்வதாகவும், 12ஆம் பகுதியில், இந்தியா, சீனம், அரேபியா மூன்றும் சேர்ந்து 10 கோடியைக் கொண்டுசெல்வதாகவும் எழுதுகிறார். இரண்டாவது தொகை, ஆடம்பரத்தைக் கடியும் அறவுரையின் நடுவே வருவது. இடமும் நோக்கமும் அறியாத கைகளில் இவ்விரண்டும் கலந்து, தமிழகத்து மிளகே உரோமின் கருவூலத்தைக் காலிசெய்தது என்ற முடிவாகத் திரிந்துவிட்டன.

இம்முடிவைத் தகர்க்கும் ஆவணமும் கிரேக்க மொழியிலேயே இருக்கிறது. 1985இல் வெளியிடப்பட்டதும் வியன்னாவில் பாதுகாக்கப்படுவதுமான சேரர் துறைமுகமான முசிறியின் பெயர்கொண்ட பாப்பிரஸ், அதாவது நாணல் தாளில் எழுதப்பட்ட கி.பி. 2ஆம் நூற்றாண்டு ஆவணம், ஒரு பக்கத்தில் கடன் ஒப்பந்தத்தையும், மறுபக்கத்தில் 'ஹெர்மாபோலோன்' என்ற கப்பல் ஏற்றிவந்த சடாமாஞ்சில், யானைத்தந்தம் முதலிய சரக்கின் கணக்கையும் தாங்கியிருக்கிறது. அச்சரக்கின் மீது நான்கில் ஒரு பங்கு சுங்கம் விதிக்கப்பட்டது. அதாவது, இந்த வணிகத்தால் உரோம அரசுக்குப் பெருவருவாய் கிட்டியது. ஆவணத்தின் சிதைந்த இடங்களை எவ்வாறு படிப்பது என்பதில் அறிஞர்கள் மாறுபடுகிறார்கள். கிரேக்கம் அறியாத தமிழாய்வாளர் அந்த விவாதத்தில் வெறும் பார்வையாளராகவே நிற்க நேர்கிறது.

இம்மொழிகளைக் காலனியத்தின் எச்சம் என்று ஒதுக்குவோரும் உளர். ஆனால் இத்தாலியப் பாதிரியாரான வீரமாமுனிவர் கொடுந்தமிழ் இலக்கணத்தை இலத்தீனில் எழுதினார். திருக்குறளின் அறத்துப்பாலையும் பொருட்பாலையும் அம்மொழியில் பெயர்த்தார். அவற்றை விட்டுவிட்டுத் தமிழ்ப் புலமையின் வரலாற்றை முழுமையாக எழுத இயலாது. மேலும், ஏடுகளை ஒப்புநோக்கிப் பாடவேறுபாடு காட்டிப் பதிப்பித்த உ.வே.சாமிநாதையரின் வழிவந்தோர்க்கு, மூலத்தைத் தேடிச் செல்வது அயலாரின் வழக்கமாகத் தோன்றக் கூடாது.

இப்புலமைக்கு மதுரையை விடப் பொருத்தமான இடம் வேறில்லை. பிளினியும், பின்னர் கிரேக்க மொழியில் எழுதிய தாலமியும் பாண்டியனின் தலைநகராக மதுரையைப் பெயர் சொல்லிக் குறிக்கிறார்கள். பிற்கால உரோமச் செப்புக் காசுகள் இந்நகரில் கிடைத்திருக்கின்றன. வைகைக் கரையோரம் கீழடியும் அழகன்குளமும் அகழப்பட்டுள்ளன. 1881இல் பசுமலையில் தொடங்கிப் பின்னர் வைகையின் வடகரையில், கோரிப்பாளையத்தில் நிலைபெற்ற அமெரிக்கன் கல்லூரி போன்ற நிறுவனங்களும், மதுரை காமராசர் பல்கலைக்கழகமும், வரலாறும் தமிழும் பயிலும் மாணவர்க்கு இவ்விரு மொழிகளையும் முறையாகக் கற்பிக்க முன்வர வேண்டும். தன் நாட்டைப் பற்றிப் பிறர் எழுதியதைத் தானே படித்துத் தீர்ப்புச் சொல்ல முடியாத ஆய்வுலகம், தன் வரலாற்றை இரவலாகவே பெறும்.